எண்ணும் ஓர் இடுகுறியே

இலக்கிய விமர்சனம் கவிதையையும் நாவலையும் சிறுகதையையும் ஆராய்வதோடு தன் கடமை முடிந்துவிட்டதாகக் கருதும் பழக்கம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. ஆனால், இன்றைய இலங்கையிலே சாதாரண மனிதன் ஒருவனின் அன்றாட வாழ்வோடு மிக நெருங்கிய வாசகம் எதுவென்று கேட்டால், அது கவிதையும் அன்று, நாவலும் அன்று. அவனுடைய சட்டைப்பையிலிருக்கும் தேசிய அடையாள அட்டையில் அச்சிடப்பட்டுள்ள பத்துப் பன்னிரண்டு இலக்கங்களே அந்த வாசகம். வங்கியிலே கணக்குத் திறப்பதற்கும், பரீட்சை மண்டபத்துள் நுழைவதற்கும், வாக்களிப்பதற்கும், காணி உறுதி முடிப்பதற்கும் அதனைக் காட்ட வேண்டியிருக்கிறது. அந்த வாசகத்தை இயற்றியவர்கள் எதை மனங்கொண்டு இயற்றினர்? மனிதனைப் பற்றி எவற்றையெல்லாம் அதிலே எழுதிவைத்தனர்? சமுதாயப் பொறுப்புள்ள விமர்சனம் இக்கேள்விகளைத் தவிர்த்துச் செல்ல முடியாது.

பதிவேடு ஒன்றிலே இடம்பெறும் அங்கத்தவர் ஒவ்வொருவருக்கும், பிறர் எவருக்கும் இல்லாத தனி எண் ஒன்றை வழங்குவது எவ்வாறு என்பது கணினித் துறையிலே நாள்தோறும் எழும் வினாவாகும். அதனை வெறும் தொழில்நுட்ப வினா என்று ஒதுக்கிவிடுவது எளிது. நாம் அதனை ஒரு மொழி வினாவாகவும், அதற்கும் மேலாக ஒரு நீதி வினாவாகவும் நோக்க முற்படுகின்றோம். குழப்பம் நேராதிருத்தற்பொருட்டு, முழுத் தொகுதியை எண் என்றும், அதிலுள்ள ஒவ்வோர் உருவையும் இலக்கம் என்றும் இக்கட்டுரையிலே குறிப்போம்.

முதலிலே, பெயர் இருக்க எண் எதற்கு என்று கேட்போருக்கு விடை கூறவேண்டும். வல்வெட்டித்துறை கடலோடிகளின் ஊர். அங்கே கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பலை வில்லியம் அல்பேட் றொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கினார். 1937ஆம் ஆண்டு வல்வெட்டித்துறை மாலுமிகளோடு புறப்பட்ட அக்கப்பல், 1938ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திலே அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் மாநிலத்திலுள்ள குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அடைந்தபோது அதன் பெயர் ‘அன்னபூரணி’ அன்று. உரிமையாளரின் மனைவி பெயரால் ‘புளோரன்ஸ் சி. றொபின்சன்’ என்று ஆகியிருந்தது. மரம் அதே மரம். ஓட்டியவரும் அந்த ஊரவரே. பெயரை மட்டும் நம்பிப் பதிவேட்டைப் புரட்டும் ஒருவருக்கு இரண்டு கப்பல்கள் இருந்தன என்றே தோன்றும்.

கடற்றொழில் இச்சிக்கலை நெடுங்காலத்துக்கு முன்பே உணர்ந்திருந்தது. 1854ஆம் ஆண்டின் பிரித்தானிய வணிகக் கப்பற் சட்டத்தின் பின்னர், அப்பேரரசிலே பதிவுபெற்ற கப்பல் ஒவ்வொன்றுக்கும் உத்தியோகபூர்வ எண் ஒன்று வழங்கப்பட்டு, அதன் பிரதான உத்திரத்திலே செதுக்கப்பட்டது. பெயர் மாறினாலும், உரிமையாளர் மாறினாலும் அந்த எண் மாறவில்லை. கப்பல் மூழ்கிய பின்னரும் அது வேறொன்றுக்குக் கொடுக்கப்படவில்லை. எனினும் அது ஒரு பேரரசின் எண்; கொடி மாறினால் அதன் ஆட்சியும் முடிந்தது. 1987ஆம் ஆண்டிலே சர்வதேசக் கடல்சார் அமைப்பு ஏழு இலக்கங்கள் கொண்ட எண் முறையை ஏற்றுக்கொண்டு, 1996ஆம் ஆண்டு முதல் அதனைப் பெருங்கப்பல்களுக்குக் கட்டாயமாக்கிய பின்னரே, கொடி மாறினும் மாறாத அடையாளம் கப்பல்களுக்குக் கிடைத்தது. அந்த எண் கப்பலின் நாட்டையோ, உரிமையாளரையோ, அது சுமக்கும் சரக்கையோ கூறுவதில்லை. ‘இன்ன கப்பல்’ என்று சுட்டுவதோடு நின்றுவிடுகிறது.

கப்பலுக்கு நேர்ந்தது மனிதருக்கும் நேர்கிறது. பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கமுள்ள நம் ஊர்களிலே, ஒரே தெருவில் ஒரே பெயருடையோர் இருவர் மூவர் இருப்பது புதுமையன்று. பெண்ணுக்குத் திருமணத்தோடு தலைப்பெழுத்து மாறுகிறது. கடல் கடந்தவர்க்குத் தந்தை பெயர் குடும்பப் பெயராகிறது. ழகரமும் ளகரமும் ஆங்கில எழுத்திலே அலுவலருக்கு ஏற்றவாறு உருமாறுகின்றன. லண்டனிலும் ரொறன்ரோவிலும் திருச்சியிலும் பரந்து வாழும் ஓர் ஊரின் மக்களைப் பெயரால் மட்டும் பதிவேட்டிலே பிரித்தறிய முயல்வது, இருட்டிலே கண்ணைக் கட்டிக்கொண்டு தேடுவதற்கு ஒப்பாகும். எனவே எண் தேவை என்பதிலே கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. எத்தகைய எண் என்பதே வினா.

இவ்விடத்திலே நம் இலக்கண மரபு நமக்குத் துணைசெய்கிறது. பெயர்ச்சொற்களை இடுகுறிப்பெயர் என்றும் காரணப்பெயர் என்றும் நன்னூலார் வகைப்படுத்துகிறார். மரம், மண் என்பன இடுகுறி. ஏன் அப்பெயர் வந்தது என்று நாம் காரணம் கேட்பதில்லை. பறவை, நாற்காலி என்பன காரணப்பெயர்கள். பறப்பதனாலும் நான்கு கால் உடைமையாலும் வந்தவை. காரணப்பெயர் பொருளைப் பற்றி ஏதேனும் ஒன்றைச் சொல்கிறது. அதனாலேயே அது இடர்ப்பாட்டுக்கும் உள்ளாகிறது: ஒரு கால் ஒடிந்த நாற்காலியை நாம் இன்னும் நாற்காலி என்றே அழைக்கிறோம். பேச்சிலே இது வேடிக்கை; பதிவேட்டிலே இதுவே பிழை.

பதிவேட்டு எண்களும் இவ்விரு வகைப்பட்டனவே. உரியவரின் பிறந்த ஆண்டு, பால், ஊர், சேர்ந்த திகதி முதலியவற்றைக் கோத்துச் செய்யப்படுவது காரண எண். அவை எவற்றோடும் தொடர்பின்றி, வரிசையாகவோ எழுந்தமானமாகவோ இடப்படுவது இடுகுறி எண். அங்கத்தவரைச் சுட்டும் எண் இடுகுறியாகவே இருத்தல் வேண்டும் என்பதே நமது வாதம். சுட்டுவது எண்ணின் தொழில். உரியவரைப் பற்றிப் பேசுவது அதன் தொழிலன்று.

இந்த அளவுகோலைக் கையிலே கொண்டு இலங்கையின் அடையாள அட்டை எண்ணை வாசித்துப் பார்ப்போம். 1968ஆம் ஆண்டின் 32ஆம் இலக்க ஆட்பதிவுச் சட்டத்தின்கீழ், 1972ஆம் ஆண்டு முதல் அட்டைகள் வழங்கப்பட்டன. பழைய எண் ஒன்பது இலக்கங்களும் ஓர் ஆங்கில எழுத்தும் கொண்டது. முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அவ்வாண்டிலே பிறந்த நாளின் வரிசை. பெண்ணாயின் அதனோடு 500 கூட்டப்படும். அதன் பின் வருவன மூன்று இலக்கத் தொடரெண்ணும், ஒரு சரிபார்ப்பு இலக்கமும். இறுதியிலே நிற்கும் எழுத்து பொதுவாக ‘வி’. அது வாக்குரிமையைக் குறிப்பது. அஃதில்லாதோருக்குப் பெரும்பாலும் ‘எக்ஸ்’. ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். எண்ணின் தொடக்கம் 70561 என்றிருப்பின், 561 என்பதிலிருந்து 500ஐக் கழிக்க 61 எஞ்சும். பெப்ரவரிக்கு எப்பொழுதும் 29 நாள் வைத்தே இம்முறை கணக்கிடுகிறது. ஆகவே 61ஆம் நாள் மார்ச் 1. உரியவர் 1970ஆம் ஆண்டு மார்ச் முதலாந் திகதி பிறந்த பெண். சூத்திரம் அறிந்த எவரும் இதை அரை நிமிடத்திலே படித்துவிடலாம்.

இதனால் என்ன தீங்கு, அட்டையிலே பிறந்த திகதியும் பாலும் தனியே அச்சிடப்பட்டுத்தானே இருக்கின்றன என்று சிலர் கேட்கக்கூடும். கேள்வி நியாயமானதே. ஆனால் அட்டை உரியவரின் பையிலே இருக்கிறது. எண்ணோ அட்டையை விட்டுப் பிரிந்து பயணம் செய்கிறது. விண்ணப்பப் படிவத்திலே அது எழுதப்படுகிறது. வங்கிச் சிட்டையிலே பதிகிறது. உதவி பெறுவோர் பட்டியலிலே அச்சாகிச் சுவரிலே தொங்குகிறது. செல்லுமிடமெல்லாம் உரியவரின் வயதையும் பாலையும் சுமந்து செல்கிறது. வயதைக் கேட்க உரிமையில்லாத ஒருவர்கூட அதைக் கேளாமலே தெரிந்துகொள்கிறார். யுத்த காலத்திலே வடக்கிலும் கிழக்கிலும் கொழும்பிலும் சோதனைச் சாவடிகளின் முன் வரிசையாக நின்ற மக்களுக்கு, இளமை என்பதே ஒரு குற்றச்சாட்டாக மாறியிருந்தது. அந்நாளிலே எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் வெறும் கணிதமல்ல.

இரண்டாவது தீங்கு இதனினும் ஆழமானது. அடையாள எண்ணின் முதற் பண்பு மாறாதிருத்தல். மாறக்கூடியதொன்றை அதனுள்ளே வைத்துவிட்டு, மாறாதே என்று எண்ணுக்குக் கட்டளையிடுவது எப்படிப் பொருந்தும்? இடப்பெயர்வினால் பிறப்புச் சான்றிதழை இழந்தவர்களும், காலந்தாழ்த்திப் பிறப்பைப் பதிந்தவர்களும், உத்தேச வயதுச் சான்றிதழோடு வாழ்ந்தவர்களும் நம்மிடையே எத்தனையோ பேர். பின்னர் உண்மையான திகதி உறுதியாகும்போது என்ன செய்வது? எண்ணை மாற்றினால், அந்த எண்ணோடு கட்டப்பட்டிருந்த வங்கிக் கணக்கும் ஊழியர் சேமலாப நிதியும் பரீட்சைப் பெறுபேறும் அந்நியமாகிவிடுகின்றன. மாற்றாவிட்டால், எண் வாழ்நாள் முழுவதும் ஒரு பொய்யைக் கூறிக்கொண்டிருக்கிறது. தம் பால் அடையாளத்தைச் சட்டப்படி திருத்திக்கொள்வோர் நிலையும் இதுவே. ஐந்நூறு என்ற கூட்டுத்தொகை அவர்களின் பழைய பதிவை ஒவ்வொரு கருமபீடத்திலும் உரக்க அறிவிக்கிறது. இடுகுறி எண்ணாயின் இவ்விரு திருத்தங்களும் பதிவேட்டின் உரிய கட்டத்திலே அமைதியாக நடந்து முடிந்திருக்கும். எண்ணைத் தொடவேண்டிய தேவையே எழுந்திராது.

மூன்றாவது, இடப்பஞ்சம். மூன்று இலக்கத் தொடரெண்ணால், ஒரு நாளில் பிறந்த ஒரு பாலார்க்கு அதிகபட்சம் ஆயிரம் இடங்களே கிடைக்கும். இரண்டு இலக்க ஆண்டோ நூறாண்டு கழிந்ததும் தன்னையே திருப்பிச் சொல்லும். 1905இலே பிறந்த மூதாட்டியையும் 2005இலே பிறந்த பேத்தியையும் அதனாலே வேறுபடுத்த இயலாது. 2000ஆம் ஆண்டிலே பிறந்த பிள்ளைகள் அட்டை பெறும் வயதை எட்டியபோது இச்சிக்கல் வாசலிலே வந்து நின்றது. ஆகவே 2016ஆம் ஆண்டு ஜனவரி முதல் பன்னிரண்டு இலக்க எண் நடைமுறைக்கு வந்தது. ஆண்டுக்கு நான்கு இலக்கம், நாளுக்கு மூன்று, தொடரெண்ணுக்கு நான்கு, சரிபார்ப்புக்கு ஒன்று.

இங்கேதான் நமது முதன்மையான குற்றச்சாட்டு எழுகிறது. எழுத்து நீக்கப்பட்டது; அதனை வரவேற்கின்றோம். வாக்குரிமை உண்டா இல்லையா என்பதை மனிதனின் பெயரடையாகவே ஒட்டிவைத்த கொடுமை அத்துடன் ஒழிந்தது. ஆனால் பிறந்த நாள் நீங்கவில்லை. பெண்ணுக்கு ஐந்நூறு கூட்டும் கணக்கும் நீங்கவில்லை. நாற்பத்து நான்கு ஆண்டு அனுபவத்தின் பின்னர் முறையை மாற்ற ஓர் அரிய வாய்ப்புக் கிட்டியபோது, பழைய வீட்டின் சுவரை அகலப்படுத்தினார்களேயன்றி அத்திவாரத்தை ஆராயவில்லை. இடம் போதவில்லை என்பதே அவர்கள் கண்ட குறை. எண் பேசுகிறது என்பது அவர்களுக்குக் குறையாகவே படவில்லை.

எண் பேசினால் என்ன விளையும் என்பதற்கு உலக வரலாறு சான்று பகர்கிறது. நாஜி ஆக்கிரமிப்புக் காலத்துப் பிரான்சிலே உருவான ஆள் எண் முறையிலே முதல் இலக்கம் ஆணா பெண்ணா என்பதைக் கூறியது. அன்று பிரான்சின் ஆட்சியிலிருந்த அல்ஜீரியாவிலே அதே இலக்கம் முஸ்லிம், யூதர், அந்நியர் என்று மக்களைப் பிரிக்கவும் பயன்பட்டது. யுத்தத்தின் பின்னர் அப்பிரிவுகள் நீக்கப்பட்டன. தென்னாபிரிக்காவின் நிறவெறி ஆட்சியிலே அடையாள எண்ணின் ஓரிடம் உரியவரின் இனப்பிரிவைச் சுட்டியது. 1986ஆம் ஆண்டின் சட்டமே அதனை அகற்றியது. ஓர் இலக்கத்துக்கு இடம் விட்டுவைத்தால், அதிலே எதை எழுதுவது என்று தீர்மானிப்பவர் காலத்துக்குக் காலம் மாறுவர். இன்று பாலைக் கேட்பவர் நாளை மதத்தைக் கேட்கலாம். இலங்கை எண்ணிலே இனமோ மதமோ எழுதப்பட்டதில்லை என்பதை நேர்மையுடன் கூறவேண்டும். ஆயினும் நல்லெண்ணத்தை நம்பி முறைகளை அமைக்கக் கூடாது. தீய எண்ணம் வந்தாலும் தீங்கு செய்ய இயலாதவாறு அமைப்பதே அறிவுடைமை.

இதற்கு மாறான ஒரு பாடத்தையும் நம் நாட்டிலேயே காண்கின்றோம். 2020ஆம் ஆண்டு மே மாதத்திலே, கொரோனாத் தொற்றுக் காலத்தில், அத்தியாவசியப் பொருள் வாங்க வெளியே செல்வோரை அடையாள அட்டை எண்ணின் கடைசி இலக்கத்தைக் கொண்டு அரசு வகுத்தது. 1, 2 திங்கட்கிழமை. 3, 4 செவ்வாய். 5, 6 புதன். 7, 8 வியாழன். 9, 0 வெள்ளி. அந்தக் கடைசி இலக்கம் சரிபார்ப்பு இலக்கம். அது வயதையோ பாலையோ ஊரையோ தன்னளவிலே கூறுவதில்லை. ஆதலால் முதியவனும் இளைஞனும், செல்வனும் ஏழையும், சிங்களவரும் தமிழரும் ஏறத்தாழச் சமமாகவே பகுக்கப்பட்டனர். எண்ணிலே பொருளற்றிருந்த அந்த ஓர் இலக்கமே பாரபட்சமற்ற பங்கீட்டுக்கு உதவியது என்பது மனங்கொள்ளத்தக்கது.

அரசாங்கத்தை விட்டு, நம் கைக்கெட்டும் இடத்துக்கு வருவோம். வல்வெட்டித்துறை போன்ற ஓர் ஊரின் சனசமூக நிலையமோ, கூட்டுறவுச் சங்கமோ, புலம்பெயர்ந்தோர் நலன்புரிச் சங்கமோ தன் அங்கத்தவர் பதிவேட்டைக் கணினியிலே ஏற்ற முற்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலிலே தோன்றும் யோசனை காரண எண்ணாகவே இருக்கும்: வட்டாரத்துக்கு ஒரு குறி, சேர்ந்த ஆண்டு, பிறகு வரிசை. பார்ப்பதற்கு அழகு. ஆனால் வட்டாரம் மாறிக் குடியேறியவரின் எண் மறுநாளே பொய்யாகிறது. வட்டார எல்லைகளை அரசு திருத்தினால் எல்லாருடைய எண்ணும் பொய்யாகின்றன. எந்த எண் எந்தப் பகுதியைச் சார்ந்தது என்பது, நம் சமுதாயத்திலே சாதியை மோப்பம் பிடிப்போருக்கு வேறொரு செய்தியையும் கூறிவிடும். வட்டாரத்தைப் பதிய வேண்டாம் என்பது நமது கருத்தன்று. அதனைப் பதிவேட்டிலே தனிக் கட்டத்தில் எழுதுக, எண்ணுக்குள் எழுதற்க.

வரிசை எண்ணே போதுமெனின், அதனை வழங்கும் முறையிலே கவனம் வேண்டும். இரு செயலாளர் ஒரே வேளையில் இரண்டு புதிய அங்கத்தவரைப் பதிகின்றனர். இருவரும் பதிவேட்டின் மிகப் பெரிய எண்ணைப் பார்க்கின்றனர்: 412. இருவரும் ஒன்றைக் கூட்டுகின்றனர்: 413. இரண்டு மனிதருக்கு ஓர் எண்! மனிதர் பார்த்துக் கூட்டுவதை விடுத்துத் தரவுத்தளமே ஒருவர்பின் ஒருவராக எண் வழங்குமாறு அமைப்பதும், ஒருமுறை வந்த எண் மறுமுறை வந்தால் ஏற்க மறுக்கும் விதியை அதனுள்ளே இடுவதுமே இதற்குப் பரிகாரம். அடுத்தது, இறந்தவரின் எண்ணையோ விலகியவரின் எண்ணையோ புதியவருக்குக் கொடுத்தல். சிக்கனம் போலத் தோன்றும் இச்செயலால் பழையவரின் கடனும் சந்தாப் பாக்கியும் புதியவரின் தலையிலே விழும். மூழ்கிய கப்பலின் எண்ணை வேறு கப்பலுக்குக் கொடாத கடலோடிகளின் விதி இங்கேயும் பொருந்தும்.

கிளைகள் பல நாடுகளிலே இருந்து, ஒன்றையொன்று கேளாமலே அங்கத்தவரைச் சேர்க்குமாயின் இரண்டு வழிகள் உண்டு. வல்வெட்டித்துறைக்கு ஒன்று முதல் ஒன்பதாயிரம் வரை, லண்டனுக்கு அடுத்த ஒன்பதாயிரம் என்று முன்கூட்டியே பிரித்துக் கொடுப்பது ஒரு வழி; ஆனால் எண் மீண்டும் ஊரைச் சொல்லத் தொடங்கிவிடும். மற்றொன்று எழுந்தமான நெடு எண். கணினித் துறையிலே பரவலாக வழங்கும் ஒரு முறையிலே 122 இருமக்கூறுகள் எழுந்தமானமாகத் தெரியப்படுகின்றன. அதனால் கிடைக்கும் எண்களின் தொகை, 5ஐ அடுத்து 36 இலக்கங்கள் வரும் அளவினது. உலகின் இரு மூலைகளிலே இருவர் தனித்தனியே எடுத்தாலும் ஒரே எண் வருவதற்கான வாய்ப்பு நடைமுறையிலே இல்லை எனலாம். கணினிகள் தமக்குள்ளே பேசிக்கொள்ள இது ஏற்றது. ஆனால் மூதாட்டி ஒருவர் தொலைபேசியிலே அதனைச் சொல்லி முடிக்க இயலாது. மனிதர் வாயால் சொல்லும் எண் சிறிதாக இருக்கவேண்டும். ஆகவே உள்ளே நெடு எண்ணும் வெளியே ஏழெட்டு இலக்கக் குறு எண்ணுமாக இரண்டையும் வைத்திருப்பதே பொருத்தம்.

வாயால் சொல்லும் எண்ணிலே பிழை நேரும். அதற்கே சரிபார்ப்பு இலக்கம். கப்பல் எண்ணின் முறையை எடுத்துக்கொள்வோம். முதல் ஆறு இலக்கங்களை முறையே 7, 6, 5, 4, 3, 2 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டவேண்டும். கூட்டுத்தொகையின் கடைசி இலக்கமே ஏழாவது இலக்கம். 907472 என்பதற்குப் பெருக்கங்கள் 63, 0, 35, 16, 21, 4, கூட்டுத்தொகை 139, ஆகவே முழு எண் 9074729. ஒருவர் நடுவிலுள்ள 74ஐ 47 என்று மாற்றி எழுதிவிட்டால் கூட்டுத்தொகை 136 ஆகும்; 9 வரவேண்டிய இடத்திலே 6 வரும்; பிழை அக்கணமே வெளிப்படும். இம்முறை எல்லாப் பிழைகளையும் பிடிப்பதன்று. 1969ஆம் ஆண்டிலே வெர்ஹோஃப் என்ற ஒல்லாந்துக் கணிதர் வெளியிட்ட முறை, ஓர் இலக்கம் மாறும் பிழைகள் அனைத்தையும், அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறும் பிழைகள் அனைத்தையும் பிடித்துவிடுகிறது. பிழையைத் தடுக்க எண்ணுக்குப் பொருள் வேண்டியதில்லை, ஒழுங்கு இருந்தாற் போதும் என்பதை இவை காட்டுகின்றன.

இவ்வளவும் கூறக்கேட்ட இலக்கிய அன்பர் சிலர், ‘மனிதனை எண்ணாக்கிவிட்டார்களே’ என்று பெருமூச்சு விடக்கூடும். அப்புலம்பலிலே நமக்கு உடன்பாடில்லை. எண்ணைப் பெற்றுவிட்டவனுக்கே அதனை வெறுக்கும் வசதி உண்டு. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தினால் நாடற்றவராக்கப்பட்ட மலையகத் தமிழரை நினைத்துப் பார்ப்போம். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சியோரின் முடிவைப் பின்னுக்குத் தள்ளியது. இறுதியாக எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்க 2003ஆம் ஆண்டின் சட்டம் வேண்டியிருந்தது. தேயிலைத் தோட்டத்திலே நாட்டின் செல்வத்தை விளைவித்த அந்தத் தொழிலாளருக்கு எண் ஒரு சிறையாகத் தோன்றவில்லை. எண் இன்மையே சிறையாயிற்று.

வல்வெட்டித்துறையும் இதற்குச் சான்று. 1989ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திலே இந்திய அமைதிப் படையினரின் நடவடிக்கையின்போது அங்கே ஐம்பதுக்கு மேற்பட்ட பொதுமக்கள் கொல்லப்பட்டனர். நூற்றுக்கு மேற்பட்ட வீடுகள் எரிக்கப்பட்டன. வீடு எரியும்போது பெட்டியிலிருந்த உறுதியும் சான்றிதழும் அட்டையும் எரிகின்றன. உயிர் தப்பியவன் ‘நான் இன்னான்’ என்று நிறுவுவதற்கு, எரியாத வேறோரிடத்திலே அவனைப் பற்றிய பதிவும், அதனை அடையும் எண்ணும் இருக்கவேண்டும். அந்த வகையில் எண் மக்களின் உடைமை. அதனை ஒழிப்பது நமது நோக்கமன்று. ஒற்றனாக இல்லாது ஊழியனாக அது இருக்கவேண்டும் என்பதே நமது கோரிக்கை.

இனி வரவிருப்பது யாது? இந்தியாவின் உதவியோடு தனித்துவ டிஜிட்டல் அடையாளத் திட்டம் ஒன்றை அமைப்பதற்கான உடன்படிக்கையிலே 2022ஆம் ஆண்டு மார்ச் மாதம் இலங்கை கைச்சாத்திட்டது. இந்தியாவின் ஆதார் முறையை நாம் நிதானமாக எடைபோட வேண்டியதற்கு இதுவே காரணம். அதன் எண் நமது இலக்கணப்படி இடுகுறியே. 2016ஆம் ஆண்டின் ஆதார்ச் சட்டம், எண் எழுந்தமானமாக இருக்கவேண்டும், உரியவரின் இயல்புகளோடு அதற்குத் தொடர்பு இருத்தலாகாது என்று வெளிப்படையாகவே விதித்தது. பன்னிரண்டு இலக்கங்களிலே கடைசி இலக்கம் வெர்ஹோஃப் முறையிலே அமைந்தது. வடிவத்தைப் பொறுத்தவரை அது இலங்கை எண்ணைவிட மேலானது என்பதைத் தயக்கமின்றி ஒப்புக்கொள்ளலாம்.

ஆனால் வடிவத்தோடு விமர்சனம் முடிந்துவிடுவதில்லை. பேசாத எண்ணையும் பேசவைக்க முடியும் என்பதை ஆதார் காட்டியது. எல்லாப் பதிவேடுகளிலும் ஒரே எண்ணை எழுதிவிட்டால், வங்கியும் வைத்தியசாலையும் பங்கீட்டுக் கடையும் தனித்தனியே அறிந்திருந்தவற்றை ஒரே நூலிலே கோத்துவிடலாம். எண் ஊமையாக இருக்கலாம். நூலைப் பிடித்திருப்பவர் எல்லாவற்றையும் அறிவார். எண்ணோடு கைரேகையும் கட்டப்பட்டபோது, கூலி வேலையிலே தேய்ந்துபோன விரல்களை இயந்திரம் ஏற்காமல் பங்கீட்டுக் கடையிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய ஏழைகளும் உண்டு. 2018ஆம் ஆண்டு செப்டம்பரிலே இந்திய உச்ச நீதிமன்றம், அரசின் மானியங்களுக்கு ஆதாரைக் கோருவதை ஏற்றுக்கொண்டபோதிலும், வங்கிக் கணக்கோடும் தொலைபேசி இணைப்போடும் கட்டாயமாக இணைப்பதை நிராகரித்தது. ஆஸ்திரியாவோ ஒவ்வொரு துறைக்கும் வெவ்வேறு எண்ணை மூல எண்ணிலிருந்து கணித்துக் கொடுக்கும் முறையை அமைத்துக்கொண்டது. அங்கே வரி அலுவலர் வைத்திருக்கும் எண்ணைக் கொண்டு சுகாதாரப் பதிவேட்டைத் திறந்து பார்க்க இயலாது. தனித்தன்மையும் அந்தரங்கமும் ஒருங்கே வாழலாம் என்பதற்கு இது எடுத்துக்காட்டு.

ஆகவே புதிய முறையை வகுப்போரிடம் நாம் வேண்டுவன மூன்று. ஒன்று, எண் இடுகுறியாக இருக்கட்டும். பிறந்த நாளும் பாலும் பதிவேட்டின் உரிய கட்டங்களிலே, உரியவர் மட்டும் காணும் இடத்திலே இருக்கட்டும். இரண்டு, ஒருமுறை வழங்கிய எண் வாழ்நாள் முழுவதும் மாறாதிருக்கட்டும். இறந்தபின் மற்றொருவருக்கு வழங்கப்படாதிருக்கட்டும். மூன்று, ஒரு துறையின் எண் மறு துறையின் கதவைத் திறக்கும் சாவியாகாதிருக்கட்டும். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றிய நாட்டிலே இவை மிகையான கோரிக்கைகளல்ல. எண்ணே தரவைப் பறைசாற்றிக்கொண்டிருக்கும்வரை, தரவைப் பாதுகாப்பது எங்ஙனம்?

இம்மூன்றும் அரசுக்கு மட்டும் உரியனவல்ல. ஊர்ச் சங்கத்தின் பதிவேட்டைக் கணினியிலே ஏற்ற அமரும் இளைஞனும் இவற்றை மனங்கொள்ளல் வேண்டும். வட்டாரக் குறியையும் பிறந்த ஆண்டையும் எண்ணிலே கோக்கும் எண்ணம் தோன்றும்போது, இந்த எண்ணைச் சுமந்து வாழப்போகிறவர் யார், எந்தக் கருமபீடத்தின் முன்னே, எந்த அதிகாரியின் எதிரே அதைச் சொல்லப்போகிறார் என்று ஒரு கணம் சிந்திக்க வேண்டும். சொல்லை ஆளுவோர்க்கு உள்ள பொறுப்பு எண்ணை ஆளுவோர்க்கும் உண்டு. அதனை அவர்களுக்கு நினைவூட்டுவது விமர்சனத்தின் கடமை. அக்கடமையிலிருந்து எழுத்தாளர்களாகிய நாமும் விலகி நிற்பதற்கில்லை.